சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

தச்சுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

நான் சுவரில் போட்ட தட்டுகளில் இன்றைக்கும் அசையாமல் நிற்பது எது என்று போன வாரம் பட்டறையில் உங்களில் ஒருவர் கேட்டார். அசையாமல் நிற்பவை நிறைய உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நிற்க வேண்டியது நிற்கிறது, அவ்வளவுதான். சரிந்துபோன ஒரு தட்டைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற எல்லாத் தட்டுகளும் நின்றதற்கு அதுதான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சுசீந்திரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, மரக்கடையில் கொஞ்ச காலம் இழைப்பு வேலை பார்த்துவிட்டு, தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்திருந்தேன். மின்சார விளக்கு சில தெருக்களுக்குத்தான் வந்திருந்தது. துளை போடுகிற மெஷினை யாரும் கண்டதில்லை. சுவரில் குழி வேண்டுமென்றால் உளியும் சுத்தியலும் தோள் வலியும்தான்.

ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக்குப் பூஜைச் சாமான் வைக்கத் தட்டு போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டுச் சுவர் ஒரு முழத்துக்கும் மேல் கனம். வெட்டுக்கல்லில் குழி பறித்து, தேக்கு ஆப்பு இறக்கி, அந்த ஆப்பில் தாங்கிகளை முடுக்கினேன். யானையைக் கட்டினாலும் நிற்கும் என்று அந்த வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அதில் ஒருவர் வலியசாலை வைத்தா ஐயர்.

வைத்தா ஐயர் கல்யாணச் சமையலில் பேர் வாங்கியவர். வீடு வீடாகக் கரண்டி தூக்கி அலைந்தது போதும் என்று, தம் வீட்டிலேயே ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு ஒரு மெஸ் தொடங்க ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை முதல் பந்தி. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, சாமான் வைக்கும் ‘உள்ளு’ என்கிற அறையைக் காட்டினார். தரை முழுவதும் ஊறுகாய் ஜாடிகள். அங்கே அதைப் பரணி என்பார்கள். ஒவ்வொன்றும் இடுப்பு உயரம் இல்லாவிட்டாலும் முழங்காலுக்கு மேல் நிற்கும். போதாததற்குப் பித்தளை உருளிகள், எண்ணெய்த் தூக்குகள்.

அந்த அறையில் நாலு சுவர். ஒன்றில் வாசல், ஒன்றில் சன்னல், ஒன்றில் விளக்கு வைக்கும் மாடப்பிறை. நாலாவது சுவர் மட்டும் எந்தத் திறப்பும் இல்லாமல், வெள்ளையடித்து, வெறுமையாக நின்றது. தட்டு போடுவதற்கென்றே கட்டிவைத்த மாதிரி.

“சாமி, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை” என்றார் ஐயர்.

தம்பிமாரே, கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்டுவிட்டேன் பாருங்கள். ஆனால் பதிலைக் காதால் வாங்கிக்கொண்டதோடு நிறுத்திவிட்டேன். தெருவில் இறங்கிப் பத்தடி நடந்து பார்த்திருந்தால் போதும். நடக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தேன். அதுவும் மூலைக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில். அங்கே பழைய சுவர் வந்து முட்டுவதால் சத்தம் கெட்டியாகத்தான் கேட்டது. ஸ்ரீவராகத்துச் சுவரும் இதுவும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். குழி பறிக்கும்போது உளி நான் நினைத்ததைவிட எளிதாக இறங்கியது. அப்போதாவது யோசித்திருக்கலாம். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சீட்டியடித்தேன்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டு அடுக்குத் தட்டு தயார். அயனி மரப் பலகை, முக்கோணத் தாங்கிகள். மேல்பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினேன். ஐயர் கைதட்டாத குறை. இன்றைக்கு எனக்குத் தெரியும், அது சோதனை அல்ல, வித்தை. மனுஷன் ஒரு நிமிஷம் தொங்கிவிட்டு இறங்கிவிடுவான். ஜாடி இறங்காது.

ஐயரும் அவர் மனைவி பாகீரதியம்மாளும் ஜாடிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து ஆசாரப்படி அவர்கள் ஜாடியை நான் தொடக்கூடாது. நான் ஓரமாக நின்று, “இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க” என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். கடுமாங்காய் ஏறியது. நார்த்தங்காய் ஏறியது. நெல்லிக்காய், எலுமிச்சை. ஒன்பதாவது ஜாடியை வைத்துவிட்டு ஐயர் வேஷ்டியால் முகத்தைத் துடைத்தார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மணல் உதிர்கிற மாதிரி, மிக மெல்லிய சத்தம்.

நம் தொழிலில் அந்தச் சத்தம் கேட்டபிறகு யோசிக்க நேரம் கிடையாது. பாய்ந்துபோய்க் கீழ்த்தட்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். மேல்தட்டை இரண்டு கையாலும் ஏந்தினேன். “எல்லாத்தையும் எறக்குங்க! வேகம்!” என்று கத்தினேன்.

“பரணியைத் தொடாதே!” என்று ஐயர் பதறினார்.

“பரணியைத் தொடல்லே சாமி, பலகையைத்தான் பிடிச்சிருக்கேன்!”

சுவருக்கு அந்தப் பக்கம் தொம்மென்று ஏதோ விழுந்தது. தொடர்ந்து ஒரு பெண்குரல், “ஐயோ!” என்றது. தாங்கியின் சாய்கால் ஊன்றியிருந்த இடத்தில் ஒரு கல்லே மறுபக்கம் பிதுங்கி விழுந்துவிட்டது. என் கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு பொந்து. பொந்துக்குள் வெளிச்சம். ஒன்றும் இல்லாத இடத்தில் எப்படி வெளிச்சமும் பெண்குரலும் வந்தன என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முன்பக்கம் சரிந்தது. ஓரத்திலிருந்த கடுமாங்காய் ஜாடி சாய்ந்து, மூடி கழன்று, அத்தனை உப்புத்தண்ணீரும் மிளகாயும் என் உச்சந்தலையில் கொட்டியது. பின்னாலேயே ஜாடியும் விழுந்து உடைந்தது. கண் எரிகிறது என்றால் எப்படிச் சொல்வேன்? கையை எடுத்துத் துடைக்கவும் முடியாது. எடுத்தால் மிச்சம் எட்டு ஜாடியும் போகும்.

பொந்து வழியாகக் குரல் கேட்டது: “மன்னி! அங்க ஆருக்காவது ஏதாவது ஆயிடுத்தா?”

“இங்க ஒண்ணுமாகல்லே தங்கம். உனக்கு?” என்று பாகீரதியம்மாள் வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

“கீரை ஆய்ஞ்சிண்டிருந்தேன். ஒரு சாண் தள்ளி விழுந்தது.”

வைத்தா ஐயர் கையில் நார்த்தங்காய் ஜாடியோடு அப்படியே நின்றார். “நீ அவகிட்டப் பேசறியா?”

“கிணறு ஒண்ணுதானே இருக்கு. பேசாம எப்படித் தண்ணி எடுக்கறதாம்? மொதல்ல பரணியைக் கீழே வையுங்கோ, அந்த ஆசாரி கண்ணு அவிஞ்சு போயிடப்போறது.”

எல்லாவற்றையும் இறக்கினார்கள். பாகீரதியம்மாள் கொல்லைக் கிணற்றடிக்கு என்னைக் கூட்டிப்போய், உயரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்தபோது ஐயர் தயாராக ஒரு யோசனை வைத்திருந்தார்.

“ஆசாரி, இங்க பாரு. இந்தப் பக்கத்திலேருந்தே பொந்தை அடைச்சுப் பூசிடு. தாங்கியை அடுத்த கல்லுக்கு மாத்தி அடி. அவன் ஆபீஸ்லேருந்து வர அஞ்சு மணி ஆகும். அதுக்குள்ள முடிச்சுட்டா ஆருக்கும் தெரியாது.”

“அவன்னா யாரு சாமி?”

“என் கொழுந்தனார்” என்றாள் பாகீரதியம்மாள்.

“நான் ஒரு நடை அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்துருகேன்” என்றேன்.

“அந்தப் படி ஏறினியானா இந்தப் படி ஏறாதே. இந்தத் தெருவிலே வேற எந்தப் படியும் ஏற விடமாட்டேன்” என்றார் ஐயர்.

அவர் சொன்னால் செய்யக்கூடியவர். கல்யாண வீடு என்றால் அவர். கல்யாணம் என்றால் பந்தலும் பலகையும் நாற்காலியும். அத்தனை வேலையும் அவர் வாயில்தான் இருந்தது. தனியாகத் தொழில் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவன் நான். பொந்தை அடைத்து வெள்ளை பூச அரை நாழிகை போதும். ஆனால் அந்தச் சுவரில் எந்தக் கல்லுக்குத் தாங்கியை மாற்றினாலும் அதுவும் ஒருநாள் பிதுங்கும். அந்தப் பக்கத்தில் ஒரு அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். இன்றைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நாளைக்கும் தள்ளி விழும் என்று எனக்கு யார் சொல்வது?

தெருவில் இறங்கிப் பக்கத்துப் படி ஏறினேன். ஐயர் திட்டிக்கொண்டே இருந்தது தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அங்கே பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அந்த அறையிலும் தரை தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் புத்தகம். பழைய புத்தகம், பைண்டு பிரிந்த புத்தகம், கயிற்றால் கட்டிய புத்தகம், கரையான் ருசி பார்த்த புத்தகம். விழுந்த கல் ஒரு புத்தகக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தது. பொந்தில் விரலை விட்டு அளந்தேன். வெட்டுக்கல்லைப் படுக்கையாக வைக்காமல் குத்தாக நிறுத்தி, மண்சாந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். முழுச் சுவரும் ஒரு சாண் கனம்கூட இல்லை.

“இதை ஆரும்மா கட்டினது?” என்று கேட்டேன்.

தங்கம்மாள் சிரித்துவிட்டாள். “அண்ணாவும் தம்பியுமா நின்னு கட்டிவெச்சா. மூணு வருஷமாச்சு. மொதல்ல எல்லாம் ஒரே வீடு, இது ஒரே பெரிய உள்ளு. இவர் புஸ்தகம் வாங்கி வாங்கி அடுக்கினார். அண்ணா பரணி வெக்க இடமில்லேன்னார். ஒருநாள் எண்ணெய் சிந்தி இவரோட நிகண்டு ஒண்ணு நனைஞ்சு போச்சு. அவ்வளவுதான், பாகம் பிரிச்சுண்டா. சுவர் கனமா கட்டினா ஆருக்கு இடம் கொறையும்னு அதுக்கு வேற ஒரு சண்டை. ரெண்டு பேரும் ஒரு விரல்கடை விட்டுக்குடுக்கல்லே. கொத்தன் வெறுத்துப்போய் மூணு நாளிலே இப்படி நிறுத்திட்டுப் போயிட்டான்.”

வைக்க இடம் இல்லாமல் வந்த சண்டை. நாலு பலகையும் பத்து ஆணியும் இருந்திருந்தால் அந்த வீடு பிரிந்திருக்காது. சுவர் எத்தனை கனம், எந்தக் கல் என்று மட்டும் பார்த்தால் போதாது, தம்பிமாரே. கட்டினவர்கள் என்ன கோபத்தில் கட்டினார்கள் என்றும் விசாரியுங்கள். சாந்தில் அது இருக்கும்.

ஐந்து மணிவரை வாசலில் காத்து நின்றேன். சேஷன், அதுதான் தம்பி, குடையும் கக்கத்தில் புதிதாக ஒரு பழைய புத்தகமுமாக வந்தார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. உள்ளே போனவர் கல்லைத் தூக்கி, அடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணுமாகல்லே. கேட்டேளே, சந்தோஷம்” என்றாள் தங்கம்மாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “இது அவர் வேலையா?”

அண்ணன்மேல் நாலு குற்றம் சொன்னால் கேட்டுச் சந்தோஷப்பட அவர் காத்திருப்பது தெரிந்தது. ‘அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை’ என்று ஐயர் சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“தப்பு என்னுது சாமி. இந்தப் பக்கம் வந்து சுவரைப் பாத்துட்டு அடிச்சிருக்கணும்லா. பாக்காம அடிச்சிட்டேன்.”

சண்டைக்கு மனுஷர் எடுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“இந்தச் சுவரு பாரம் தாங்காது. ஆனா ரெண்டு பக்கமும் தரையிலேருந்து உத்தரம் வரைக்கும் மரக்கால் நிறுத்தி, முதுகோடு முதுகா வெச்சு, சுவரு ஊடே போல்ட்டு போட்டு முடுக்கிட்டா, பாரம் காலு வழியா தரைக்குப் போயிரும். சுவரு நடுவுல சும்மா நின்னாப் போதும். அந்தப் பக்கம் தட்டு போட்டா இந்தப் பக்கமும் தட்டு வரும்.”

“இந்தப் பக்கமுமா?” தரையிலிருந்த புத்தகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “எத்தனை தட்டு?”

“அங்க எத்தனையோ அத்தனை.”

“அவருக்கு ஒண்ணு கூடுதலா வராதே?”

“வராது. ரெண்டு பக்கமும் பாரம் ஏறக்குறைய ஒத்திருக்கணும். ஒரு பக்கம் கூடினா அந்தப் பக்கம் இழுக்கும்.”

“அப்போ மதி, அது போதும். போட்டுக்கோ” என்றார்.

இனி ஏறக்கூடாத படியை மறுபடி ஏறினேன். வைத்தா ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாகீரதியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அவர் காதில் விழும்படி சொன்னாள்: “வெள்ளிக்கிழமை ஆபீஸ்காரா வந்து இலை முன்னாடி உக்காருவா. பரணியெல்லாம் அவா கால்மாட்டிலே கெடக்கும். பின்னே உங்க இஷ்டம்.”

ஐயர் சுவரைப் பார்த்துக் கேட்டார்: “அவனுக்கும் இதே அளவுதானே? பெரிசா ஒண்ணும் இல்லையே?”

“ஒரே அளவு சாமி. நூல் பிடிச்சு அறுக்கேன்.”

வியாழக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. கொல்லன் பட்டறையில் நீளமான போல்ட்டுகள் ஒன்பது அடித்து வாங்கினேன். பக்கத்துக்கு மூன்று மரக்கால், முதுகோடு முதுகான ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று போல்ட்டு. நட்டை நான் ஐயர் பக்கத்தில் நின்று திருக வேண்டும். போல்ட்டின் தலையை மறுபக்கத்தில் ஒருவர் குறட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க ஆளில்லை. சேஷன் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே குறடோடு நின்றார்.

நாலு போல்ட்டு ஒருவிதமாக இறுகியது. ஐந்தாவது, நட்டோடு சேர்ந்து சுற்றியது. நான் திருகத் திருக அந்தப் பக்கம் தலை வழுக்குகிறது. பொந்து இன்னும் அடைபடவில்லை. அதன் வழியே, “பிடிச்சுக்கிடுங்க சாமி” என்றேன். மறுபடி வழுக்கியது. என் பக்கத்தில் கைகட்டி நின்று, எதையும் பார்க்காதவர் போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வைத்தா ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து பொந்தில் வாயை வைத்து ஒரு சத்தம் போட்டார்.

“டேய் சேஷா! எழுதுகோல் பிடிக்கற மாதிரி பிடிச்சா நிக்குமாடா? ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிடா!”

அடுக்களையில் அம்மி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சேஷன் கையில் பிடித்திருப்பதைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டால் என் தட்டும் போயிற்று, மெஸ்ஸும் போயிற்று.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“ரெண்டு கையாலயும்தான் பிடிச்சிண்டிருக்கேன் அண்ணா. அந்த ஆசாரியை மெல்லத் திருப்பச் சொல்லுங்கோ.”

“விலகு” என்றார் ஐயர் என்னிடம். திருகியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நானும் மறுப்புச் சொல்லாமல் விலகினேன். சில சமயம் தச்சன் சும்மா நிற்பதுதான் வேலை. மிச்சமிருந்த ஐந்து போல்ட்டையும் அவர்கள் இரண்டு பேர்தான் முடுக்கினார்கள். “பிடிச்சியா?” “பிடிச்சேன்.” “திருப்பட்டுமா?” “ம்.” மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கண்ணீர் ஒன்றும் இல்லை. என் கண்ணில் மட்டும் முந்தின நாள் மிளகாய் இன்னும் கொஞ்சம் இருந்தது.

பொந்தில் கல்லை வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் நன்றாக அடைத்தேன். இந்தத் தடவை தொங்கிக் காட்டவில்லை. ஜாடிகளும் உருளிகளும் அங்கே ஏற, புத்தகங்கள் இங்கே ஏற, இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடி, காலுக்குக் கால் தூக்குநூல் விட்டுப் பார்த்தேன். சாயங்காலம்வரை ஒரு நூலிழை நகரவில்லை. மறுநாள் பந்தியில் கடுமாங்காய் மட்டும் இல்லை. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்களுக்கு இப்போது ஆப்புக்குப் பதில் ஈயப் பிளக்கும் கை டிரில்லும் இருக்கின்றன. நாங்கள் அரைநாள் தோண்டியதை நீங்கள் அரை நிமிஷத்தில் முடித்துவிடுவீர்கள். தப்பையும் அவ்வளவு வேகமாகச் செய்துவிட முடியும் என்பதுதான் என் பயம். யார் என்ன சொன்னாலும் சுவரின் மறுபக்கம் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். பாரத்தைத் தரைக்கு அனுப்ப வழியிருந்தால் சுவரிடம் கேட்காதீர்கள். சரிந்துவிட்டால், யாரும் பார்ப்பதற்குள் பூசிவிடலாம் என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து, மரம் காய்ந்து நட்டு தளர்ந்திருக்குமே என்று வலியசாலைக்குப் போனேன். படி ஏறாதே என்று ஐயர் சொல்லவில்லை. மெஸ்ஸில் கூட்டம். சாமான் உள்ளில் தட்டிலிருந்த ஒரு காலி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சேஷா, நெல்லிக்காய்ப் பரணி காலி. எறக்கப்போறேன்.”

“இருங்கோ அண்ணா. எத்தனை கனம் இருக்கும்?”

“ஒரு தூக்கு எண்ணெய் கனம்.”

“அப்போ நான் ரெண்டு நிகண்டு எடுத்துக்கறேன். எடுத்தாச்சு. எறக்குங்கோ.”

நான் ‘ஏறக்குறைய’ என்று சொன்னதை அவர்கள் இரண்டு பேரும் இப்படிப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பாரம் தரையில் இறங்குகிறது. ஒரு ஜாடிக்கும் இரண்டு புத்தகத்துக்கும் அந்தத் தட்டு அசையவே அசையாது. சாமி, இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் நின்ற பாகீரதியம்மாள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

ஒன்பது நட்டையும் ஒரு சுற்று முடுக்கிவிட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.